டைமர் குறுக்கீடு: கெர்னலுக்குள் ஒரு காலக்கணக்கு

கணினியின் செயலிக்கு ஒரு கட்டளையை முடித்துவிட்டு அடுத்த கட்டளைக்குச் செல்லத் தெரியுமே தவிர, அவ்விரண்டுக்கும் இடையில் எவ்வளவு நேரம் கழிந்தது என்பது தெரியாது. ஒரே கட்டளை, தேவையான தரவு அருகிலுள்ள கேஷ் நினைவகத்தில் இருந்தால் ஓரிரு நானோ நொடிகளிலும், முதன்மை நினைவகத்திலிருந்து வரவேண்டுமானால் அதைப்போலப் பல மடங்கு நேரத்திலும் முடியக்கூடும். ஆனால் துணி துவைக்கும் இயந்திரம், நோயாளியின் நரம்பில் மருந்தை அளவாகச் செலுத்தும் பம்பு, எஞ்சினில் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் முதலியவற்றுக்குள் பதிந்திருக்கும் கணினிகள் யாவும் குறித்த வேளையில் குறித்த செயலைச் செய்தாக வேண்டியவை. காலம் அறியாத செயலிக்கும் காலம் தவறக்கூடாத இயந்திரத்துக்கும் இடையிலுள்ள இந்தக் குறையை நிரப்பச் சில்லுக்குள் தனியே வைக்கப்பட்டிருக்கும் எண்ணும் கருவிக்கே டைமர் என்று பெயர். வேளை வந்ததும் அது செயலியின் ஓட்டத்தை இடைமறித்துத் தெரிவிக்கும் முறைக்குக் குறுக்கீடு, அதாவது இன்டரப்ட், என்று பெயர்.

டைமர் இருந்தும் அதன் உதவியை முழுமையாக நாடாமல், ஒன்றும் செய்யாத வெற்றுச் சுழற்சியைப் பல்லாயிரம் முறை ஓடவிட்டு நேரத்தைக் கழிக்கும் வழக்கம் நிரலாளர்களிடையே நெடுங்காலம் இருந்தது. அந்தச் சுழற்சி ஓடி முடியும்வரை செயலி வேறு எதையும் கவனிக்க முடியாது, மின்சாரமும் வீணாகும் என்பவை கண்ணுக்குத் தெரியும் குறைகள்; எண்ணிக்கை செயலியின் வேகத்தை நம்பியிருப்பது கண்ணுக்குத் தெரியாத பெருங்குறை. போர்லாண்ட் நிறுவனத்தின் டர்போ பாஸ்கல் மொழியில் எழுதப்பட்ட நிரல்களில் பல, தொடங்கும்போதே 55 மில்லி நொடிக்குள் வெற்றுச் சுழற்சி எத்தனை முறை ஓடுகிறது என்று அளந்து, அதை 55ஆல் வகுத்து வைத்துக்கொள்ளும். 1990களின் பிற்பகுதியில் 200 மெகாஹெர்ட்ஸ் வேகத்தை ஒட்டியும் தாண்டியும் செயலிகள் வந்தபோது, அந்த வகுத்தலின் விடை 16 பிட் அளவுக்குள் அடங்காமல் போய், எந்தத் தவறும் செய்யாத நிரல்கள் ‘பிழை 200’ என்ற அறிவிப்போடு தொடங்கும் முன்பே நின்றுபோயின. கணினி வேகமானதே அந்த நிரல்கள் செய்த குற்றமாயிற்று.

டைமரின் அமைப்போ மிக எளியது. மின்னழுத்தம் கொடுத்தால் ஏறக்குறைய மாறாத வேகத்தில் அதிரும் குவார்ட்ஸ் படிகம் துடிப்புகளைத் தருகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் எண்ணியின் மதிப்பு ஒன்று கூடுகிறது அல்லது குறைகிறது. அது குறித்த எல்லையை எட்டியதும் ஒரு கம்பியில் மின்சைகை எழுகிறது. 1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியில் இந்த வேலையைச் செய்தது இன்டெல் 8253 என்ற சில்லு. அந்தக் கணினியில் செயலிக்கும் வண்ணக் காட்சி அட்டைக்கும் டைமருக்கும் வேண்டிய துடிப்புகள் யாவும் 14.31818 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்றிலிருந்தே எடுக்கப்பட்டன. அமெரிக்கத் தொலைக்காட்சியின் வண்ணச் சைகைக்குரிய அதிர்வெண்ணைப்போல அது சரியாக நான்கு மடங்கு. அதை 12ஆல் வகுத்ததால் டைமருக்கு நொடிக்கு ஏறத்தாழ 11,93,182 துடிப்புகள் கிடைத்தன. 16 பிட் எண்ணி 65,536 துடிப்புகளை எண்ணி முடிக்கும்தோறும் ஒரு குறுக்கீடு எழுந்ததால், நொடிக்கு 18.2 என்ற முழுமையற்ற எண்ணிக்கையில் டாஸ் இயங்குதளத்தின் கடிகாரம் நகர்ந்தது. மேலே சொன்ன 55 மில்லி நொடி இங்கிருந்து வந்ததுதான்.

பால் பொங்குகிறதா என்று அடுப்பருகிலேயே நிற்பதற்கும், குக்கரின் விசில் கேட்கும்வரை வேறு வேலை பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடே, எண்ணியின் மதிப்பைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பதற்கும் குறுக்கீட்டுக்காகக் காத்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு. சைகை எழுந்ததும் செயலி கையிலுள்ள கட்டளையை முடித்து, திரும்பி வரவேண்டிய இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, அந்தக் குறுக்கீட்டுக்கென்று எழுதப்பட்ட சிறு நிரற்பகுதிக்குத் தாவுகிறது. அது முடிந்ததும் எதுவும் நடவாததுபோல் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. இந்தத் தாவல் எந்தக் கணத்தில் நிகழும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதில்தான் இத்துறையின் இடர்ப்பாடு முழுவதும் அடங்கியிருக்கிறது. நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, எலெக்ட்ரோலாஜிகா எக்ஸ்1 என்ற கணினிக்குக் குறுக்கீடுகளைக் கையாளும் நிரலை எழுதி, அதைப் பற்றியே 1959இல் முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்தவர். ஒருமுறை தோன்றிய பிழையை மறுமுறை வரவழைத்துப் பார்க்க முடியாத இயந்திரம் ஒன்றைக் கையாளப்போகிறோம் என்ற அச்சம் அவருக்கு அப்போதே இருந்தது. அந்த அச்சம் சிறிதும் மிகையானதன்று.

இயங்குதளத்தின் மையப்பகுதியாக நின்று செயலி, நினைவகம், சாதனங்கள் ஆகிய அனைத்தையும் ஆள்கின்ற நிரலே கெர்னல். குறிப்பிட்ட ஒரு சாதனத்தோடு பேசுவதற்காகக் கெர்னலுக்குள் சேர்க்கப்படும் பகுதி டிரைவர். சாதாரணப் பயன்பாட்டு நிரல் ஒன்றில் பிழை நேர்ந்தால் அந்த நிரல் மட்டும் மூடப்படும். டிரைவரில் பிழை நேர்ந்தால் இயங்குதளம் முழுவதும் வீழக்கூடும். ஆகவே டைமர் குறுக்கீட்டை ஏற்கும் டிரைவரை எழுதுபவர், எந்தக் கணத்திலும் புகக்கூடிய நிரலைப் பாதுகாப்பு வேலி இல்லாத இடத்தில் எழுதுகிறார் என்றே சொல்லவேண்டும்.

2013இல் வெளிவந்து மாணவர்களிடையேயும் தொழிற்கூடங்களிலும் பரவிய பீகிள்போன் பிளாக் என்ற சிறு பலகையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதிலுள்ள டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் ஏஎம்335எக்ஸ் சில்லில் பல 32 பிட் டைமர்கள் உள்ளன; அவற்றில் சிலவற்றை லினக்ஸ் கெர்னல் தன் சொந்தக் கடிகாரத்துக்கு எடுத்துக்கொள்கிறது, எஞ்சியவற்றை டிரைவர்கள் பயன்படுத்தலாம். இந்த டைமர் மேல்நோக்கி எண்ணி, 32 பிட்டின் உச்சத்தைத் தாண்டிச் சுழியத்துக்குத் திரும்பும் கணத்தில் குறுக்கீட்டை எழுப்பும் வகையைச் சேர்ந்தது. 24 மெகாஹெர்ட்ஸ் துடிப்பில் ஒரு மில்லி நொடிக்கு 24,000 துடிப்புகள் என்பதால், மில்லி நொடிக்கு ஒரு குறுக்கீடு வேண்டுமானால் எண்ணியை 4,29,49,67,296இலிருந்து 24,000ஐக் கழித்த மதிப்பில் தொடங்கிவைக்க வேண்டும். அதே மதிப்பை மறுநிரப்புப் பதிவகம் என்ற தனியிடத்திலும் எழுதிவிட்டால், உச்சத்தைத் தாண்டும்தோறும் வன்பொருளே அதை எண்ணிக்குள் மீண்டும் நிரப்பிக்கொள்ளும். பதிவகம் என்பது சாதனத்தோடு பேசுவதற்காக நினைவக முகவரி கொடுக்கப்பட்டிருக்கும் சிறு சேமிப்பிடம்; பலகையில் எந்த டைமருக்கு எந்த முகவரி, எந்தக் குறுக்கீட்டு எண் என்ற விவரங்களை டிவைஸ் ட்ரீ என்ற வரைவுக் கோப்பிலிருந்து கெர்னல் எடுத்து டிரைவருக்குத் தருகிறது. டிரைவர் அந்த டைமருக்கான துடிப்பு ஓட்டத்தைத் திறந்து, கையாளும் நிரற்பகுதியைக் கெர்னலிடம் பதிவுசெய்து, கடைசியாக எண்ணியை ஓடவிடுகிறது. பதிவுசெய்யும் முன்பே எண்ணியை ஓடவிட்டால் ஏற்க ஆளில்லாத குறுக்கீடு எழும் என்பதால் இந்த வரிசை மாறக்கூடாது.

கையாளும் நிரற்பகுதி ஓடும்போது நிலைமை சாதாரணமானதன்று. எந்த நிரலின் பணியைத் தடுத்து அது உள்ளே புகுந்தது என்பது அதற்குத் தெரியாது. அது ஓடி முடியும்வரை அந்தச் செயலியில் பிற குறுக்கீடுகளும் பொதுவாகக் காத்திருக்க வேண்டும். ஆகவே அது உறங்கக்கூடாது: நினைவகம் கேட்டுக் காத்திருப்பது, வட்டிலிருந்து படிப்பது, பிறர் வைத்திருக்கும் பூட்டு விடுபடும்வரை படுத்துக்கிடப்பது ஆகிய எவையும் அங்கே ஆகா. உடனடியாகச் செய்யவேண்டிய சில வரிகளை மட்டும் அங்கே செய்துவிட்டு, மீதியைச் சற்றுப் பிறகு அமைதியான சூழலில் ஓடும் வேறொரு பகுதியிடம் ஒப்படைப்பது லினக்ஸ் டிரைவர்களின் மரபு. முன்னதை மேற்பாதி என்றும் பின்னதைக் கீழ்ப்பாதி என்றும் அழைப்பர். சென்சாரின் மதிப்பைப் படித்து வைத்தல் மேற்பாதிக்குரியது, அந்த மதிப்புகளைச் சராசரியாக்கிக் கோப்பில் எழுதுதல் கீழ்ப்பாதிக்குரியது. இந்தப் பிரிவினையைச் சரியாகச் செய்யத் தெரிந்தவரே டிரைவர் எழுதத் தெரிந்தவர்.

மேற்பாதியும் டிரைவரின் பிற பகுதிகளும் ஒரே தரவைத் தொடும்போது நுட்பமான ஆபத்து எழுகிறது. 32 பிட் செயலியில் 64 பிட் எண் ஒன்றை இரண்டு பாதிகளாகத்தான் படிக்க முடியும். முதல் பாதியைப் படித்து இரண்டாம் பாதியைப் படிக்கும் முன் குறுக்கீடு புகுந்து அந்த எண்ணை மாற்றிவிட்டால், பழைய பாதியும் புதிய பாதியும் சேர்ந்த, எப்போதும் இருந்திராத ஓர் எண் கைக்கு வரும். பூட்டு ஒன்றை வைத்தால் போதும் என்று தோன்றும்; ஆனால் சாதாரணப் பகுதி பூட்டைக் கையில் வைத்திருக்கும்போதே அதே செயலியில் குறுக்கீடு எழுந்து, மேற்பாதி அந்தப் பூட்டுக்காகச் சுழன்று காத்திருக்கத் தொடங்கினால், பூட்டை விடவேண்டிய பகுதி ஓடவே வழியில்லாமல் இரண்டும் என்றென்றைக்குமாக நின்றுவிடும். ஆகவே பூட்டை எடுக்கும்போதே அந்தச் செயலியில் குறுக்கீடுகளையும் நிறுத்திவைக்கும் தனிவகைப் பூட்டையே இங்கே பயன்படுத்தவேண்டும், அதையும் இயன்றவரை குறைந்த நேரத்துக்கு.

குறுக்கீடு எழுந்ததற்கு அடையாளமாக டைமரின் நிலைப் பதிவகத்தில் ஒரு பிட் உயர்ந்து நிற்கும். அதைத் தாழ்த்தவேண்டியது மேற்பாதியின் பொறுப்பு. ஏஎம்335எக்ஸ் சில்லில் அந்தப் பிட்டின் மீது 1 என்று எழுதினால்தான் அது 0 ஆகும் என்பது புதியவர்களைத் திகைக்கவைக்கும் வழக்கம். தாழ்த்த மறந்தால், மேற்பாதி முடிந்து திரும்பிய கணமே அதே குறுக்கீடு மீண்டும் புகும். பலகை உறைந்துவிட்டதுபோல் காட்சியளித்தாலும் உள்ளே செயலி ஓய்வில்லாமல் அதே சில வரிகளை ஓட்டிக்கொண்டிருக்கும். டிரைவர் குறுக்கீட்டைத் தன்னுடையது என்று ஏற்காமலே இருந்தாலோ, ஒரு லட்சம் குறுக்கீடுகளில் 99,900க்கு மேல் கேட்பாரற்றுப் போனதும் அந்தக் குறுக்கீட்டுக் கம்பியையே லினக்ஸ் மூடிவிடுகிறது. முழு அமைப்பையும் இழப்பதைவிட ஒரு சாதனத்தை இழப்பது மேல் என்ற அந்த முடிவு சரியானதே.

இனி, இத்துறையில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடத்துக்கு வரலாம். டைமர் சைகை எழுப்பிய கணத்துக்கும் மேற்பாதியின் முதல் வரி ஓடும் கணத்துக்கும் இடையே சில மைக்ரோ நொடிகள் தாமதம் எப்போதும் உண்டு. வேறொரு பகுதி குறுக்கீடுகளை நிறுத்திவைத்திருந்தால் அது பன்மடங்கு நீளும். எண்ணியை வன்பொருளே மறுநிரப்பும்போது இந்தத் தாமதம் அந்த ஒரு முறையோடு முடிகிறது. மாறாக, ஒவ்வொரு முறையும் மேற்பாதி எழுந்து, ‘இப்போதிலிருந்து ஒரு மில்லி நொடி கழித்து’ என்று எண்ணியை நிரலே அமைத்தால், ஒவ்வொரு தாமதமும் அடுத்ததன் தலையில் ஏறி, சில மணி நேரத்தில் கணக்கு நொடிக் கணக்கில் பின்தங்கிவிடும். அடுத்த வேளையை இப்போதைய கணத்திலிருந்து கணிக்காமல், முந்தைய வேளை எப்போது வந்திருக்க வேண்டுமோ அதிலிருந்து கணிப்பதே இதற்கு மருந்து. தாமதம் ஒரு முழு மில்லி நொடியைத் தாண்டினால் இன்னொரு கேடும் உண்டு: நிலைப் பிட் உயர்ந்தே இருக்கும்போது இரண்டாம் முறை எல்லை தாண்டப்பட்டாலும் ஒரு பிட்டால் இரண்டைக் காட்ட முடியாது, ஆகவே ஒரு குறுக்கீடு தடயமின்றி மறைந்துவிடும். குறுக்கீடுகளை எண்ணுவது காலத்தை எண்ணுவதாகாது. என்ன நேரம் என்று அறிவது ஒரு வேலை, வேளை வந்ததும் எழுப்புவது வேறொரு வேலை.

எண்ணிக்கை பிசகாமல் இருந்தும் அதைக் கையாளும் விதம் பிசகியதால் நேர்ந்த இழப்புகளும் உண்டு. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு ஒன்று பாய்ந்து வந்த ஸ்கட் ஏவுகணையைத் தடுக்கத் தவறி, 28 அமெரிக்கப் படைவீரர்கள் உயிரிழந்தனர். அதன் கடிகாரம் பத்தில் ஒரு நொடியை அலகாகக் கொண்டு எண்ணியது. அந்த எண்ணிக்கையை நொடியாக மாற்றப் பத்தில் ஒன்றால் பெருக்க வேண்டும், ஆனால் இருமக் கணக்கில் பத்தில் ஒன்று முடிவில்லாப் பின்னம் என்பதால் 24 பிட்டோடு அது வெட்டப்பட்டிருந்தது. அமைப்பு ஏறத்தாழ 100 மணி நேரம் நிறுத்தப்படாமல் ஓடியிருந்ததால், பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அந்தப் பிழை 36 லட்சம் எண்ணிக்கையில் பெருகி 0.34 நொடியாயிற்று, அந்த நேரத்துக்குள் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். 2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் போயிங் 787 விமானங்களுக்கு விடுத்த எச்சரிக்கையும் இதற்கு உறவானது: மின்னாக்கிகளைக் கட்டுப்படுத்தும் கருவிகள் 248 நாட்கள் தொடர்ந்து இயங்கினால் அவற்றின் எண்ணி நிரம்பி, மின்வழங்கல் முழுவதும் நின்றுபோகக்கூடும் என்று ஆய்வகச் சோதனையில் தெரியவந்தது. நொடியின் நூறில் ஒரு பங்கை எண்ணும் 31 பிட் எண்ணி நிரம்ப ஆகும் காலம் ஏறத்தாழ அதே 248 நாட்கள்தான்.

லினக்ஸும் தொடக்கத்தில் குறுக்கீடுகளை எண்ணியே காலத்தை அறிந்துவந்தது. நொடிக்கு 100 முறை டைமர் குறுக்கிடும், ஒவ்வொன்றுக்கும் ஜிஃபீஸ் என்ற மாறியில் ஒன்று கூடும். 32 பிட் அளவில் அது 497 நாட்களில் நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பும். ஓராண்டுக்கு மேல் காத்திருந்து பிழைகளைக் கண்டறிய யாராலும் இயலாது என்பதால், கணினி தொடங்கிய ஐந்தாம் நிமிடத்திலேயே சுழியத்தைத் தாண்டும்படி ஜிஃபீஸின் தொடக்க மதிப்பை அமைத்துவிட்டார்கள். தவறாக எழுதப்பட்ட டிரைவர், எழுதியவரின் மேசையிலேயே அகப்பட்டுவிடுகிறது. மென்பொருள் உலகில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பயன் தந்த ஏற்பாடுகள் சிலவே. பின்னர் 2006இல் ஜான் ஸ்டல்ட்ஸின் பணியால், என்ன நேரம் என்று படிப்பதற்கு ஓயாமல் ஓடும் எண்ணி ஒன்றும், எழுப்புவதற்கு டைமர் ஒன்றும் என்ற பிரிவினை கெர்னலுக்குள் வந்தது. தாமஸ் கிளைக்ஸ்னரும் இங்கோ மோல்நாரும் அதே காலத்தில் உருவாக்கிய உயர்நுட்ப டைமர்கள், 2007இல் 2.6.21 பதிப்பு வந்ததும் நொடிக்கு இத்தனை என்ற நிலையான துடிப்பிலிருந்து விடுபட்டன. வேலையில்லாதபோது வீணாக எழுப்பப்படாமல் செயலி நீண்டு உறங்கவும் முடிந்தது. ஆகவே இன்று பெரும்பாலான டிரைவர்களுக்குத் தனி வன்பொருள் டைமர் தேவையே இல்லை. கெர்னல் தரும் உயர்நுட்ப டைமரைக் கேட்டுப் பெறுவதே பண்பட்ட வழி.

ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த செயலிக் கட்டமைப்பில் மேற்சொன்ன பிரிவினை வன்பொருளின் வரையறையிலேயே இடம்பெற்றிருக்கிறது: 64 பிட் எண்ணி ஒன்று ஓடிக்கொண்டேயிருக்கும், ஒப்பீட்டுப் பதிவகத்தில் எழுதிய மதிப்பை அது எட்டியதும் குறுக்கீடு எழும். சென்னை ஐஐடியில் உருவான சக்தி செயலிகள் இந்தக் கட்டமைப்பைப் பின்பற்றுபவையே. மறுபுறம், தாமதத்துக்கு உறுதியான உச்சவரம்பு தருவதற்கென 2004 அளவில் தொடங்கிய பிரீஎம்ப்ட்-ஆர்டி என்ற மாற்றங்களின் தொகுப்பு, 2024 நவம்பரில் வந்த 6.12 பதிப்பில்தான் லினக்ஸின் பொதுப் பகுதியாக முழுமை பெற்றது. அதில் பெரும்பாலான குறுக்கீடுகளின் பணியும் முன்னுரிமை கொடுக்கத்தக்க இழைகளாக மாற்றப்படுவதால், எது முதலில் ஓடவேண்டும் என்பதை வடிவமைப்பாளரே தீர்மானிக்கலாம். சராசரித் தாமதம் இதனால் சற்றுக் கூடவும் செய்யும். ஆனால் மருந்து பம்புக்கும் மோட்டாருக்கும் வேண்டியது சராசரியன்று, எந்நிலையிலும் மீறாத எல்லை.

அந்த எல்லையும் போதாத இடங்களில் அனுபவமுள்ள பொறியாளர்கள் காலத்தை அளக்கும் பொறுப்பைக் குறுக்கீட்டிடம் விடுவதே இல்லை. சுழலும் மோட்டாரின் வேகத்தை அறிய, அதன் அச்சிலிருந்து வரும் இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தை அளக்கவேண்டும் என்று கொள்வோம். துடிப்பு வந்ததும் குறுக்கிட்டு, மேற்பாதி எழுந்து நேரத்தைப் படித்தால், குறுக்கீட்டின் தாமதமும் அளவோடு கலந்துவிடும். ஏஎம்335எக்ஸ் டைமரில் இதற்கென்றே பிடிப்பு முறை உள்ளது: சில்லின் இணைப்புமுனையில் மின்னழுத்தம் மாறிய கணத்திலேயே எண்ணியின் அப்போதைய மதிப்பைப் பிடிப்புப் பதிவகத்தில் வன்பொருள் பதித்துவைத்துவிட்டுப் பிறகே குறுக்கீட்டை எழுப்புகிறது. 24 மெகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பின் நீளம் ஏறத்தாழ 42 நானோ நொடி என்பதால் அளவின் நுட்பமும் அதுவே. மேற்பாதி நாற்பது மைக்ரோ நொடி தாமதமாக வந்தாலும் நூறு மைக்ரோ நொடி தாமதமாக வந்தாலும் பதித்த மதிப்பு மாறுவதில்லை, மோட்டாரின் அடுத்த துடிப்பு வருவதற்குள் அதைப் படித்து எடுத்துக்கொண்டால் போதும்.